மேகத்துக்குள் ஓர் அறை

“வீட்டுலயே ஒரு காக்பிட் கட்டோணுங்க மேடம். எங்கிருந்து ஆரம்பிக்கறது?”

கொட்டகைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சென்னியப்பன் இதைத்தான் கேட்டார்.

எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு வயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூரை அடுத்த இருகூரில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை அது. எஸ்தர் ஒரு காலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இடது கண்ணில் பார்வை போனதும் உரிமமும் போயிற்று. அதற்கப்புறம் தரையில் இருந்தபடியே பறக்கிற வேலைதான். கம்ப்யூட்டர் திரை, விமானத்தைத் திருப்பும் பிடி, பெடல், கருவிகள் எல்லாவற்றையும் வைத்து, விமானி உட்காரும் இடத்தை அப்படியே கட்டி, அதற்குள் உட்கார்ந்து பறப்பது. அதற்கென்று பைத்தியமாய் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தேடி வருகிற இடம் இந்தக் கொட்டகை.

எஸ்தருக்கு வயது நாற்பதைத் தொட்டிருக்கும். சென்னியப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கேட்டுவிட்டு, கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“எந்த விமானம்?” என்றார் எஸ்தர்.

“சின்னது. ரெண்டு பேர் உக்கார்றது. பழகறவங்க ஓட்டுவாங்களே, அது.”

“எதுக்கு?”

“மரக்கடையைத் தம்பி பாத்துக்கறானுங்க. எனக்குப் பொழுது போகோணும்.”

எஸ்தர் நிமிர்ந்து, பார்வையுள்ள கண்ணால் அவரைப் பார்த்தார்.

“பொழுதுபோக்குன்னு வர்றவங்க எல்லாரும் முந்நூறு பேரை ஏத்திட்டுப் போற விமானத்தைத்தான் கேப்பாங்க.”

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எஸ்தர் மேற்கொண்டு கேட்கவில்லை.

“வீட்டுல அட்டைப்பெட்டி இருக்கா?”

“மரமே இருக்குதுங்க. தேக்கு. நல்லா விளைஞ்சது.”

“அட்டைப்பெட்டி இருக்கான்னு கேட்டேன்.”

*

வாழ்நாளெல்லாம் மரத்தோடு கிடந்த மனிதரிடம் அட்டையை எடு என்றால் எடுத்துவிடுவாரா?

தேக்கில்தான் செய்தார். விமானியின் எதிரே இருக்கும் கருவிப் பலகை. அளவு பிசகாமல் அறுத்து, வட்ட வட்டமாய்த் துளை போட்டு, வார்னிஷ் அடித்து, காரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

எஸ்தர் அதைத் தடவிப் பார்த்தார்.

“அழகா இருக்கு.”

அதைத் தூக்கி ஒரு மேஜைமேல் நிறுத்தினார். அதன் எதிரே ஸ்டூலைப் போட்டார்.

“உக்காருங்க. கண்ணை மூடுங்க. உயரம் காட்டற கருவி எங்கே இருக்கு? தொடுங்க.”

சென்னியப்பன் கையை நீட்டினார். விரல் வெறும் மரத்தில் பட்டது.

“மறுபடியும்.”

மறுபடியும் மரம்தான்.

“உங்க கை போற இடத்துல கருவி இல்லை. பலகை கொஞ்சம் கீழே இறங்கணும். துளையெல்லாம் இந்தப் பக்கம் தள்ளணும். தள்ளுங்க.”

“எப்படிங்க தள்றது? அறுத்தாச்சே!”

எஸ்தர் மூலையில் கிடந்த காலி பிஸ்கெட் அட்டைப்பெட்டியைக் காலால் அவர் பக்கம் நகர்த்திவிட்டார்.

*

அட்டையில் செய்யத் தொடங்கினார்.

வெட்டினார், ஒட்டினார், உட்கார்ந்து பார்த்தார், பிய்த்துப் போட்டார். தினமும் இதே வேலை. மேல்மாடியில் இருந்த அறைதான் வசதியாக இருந்தது. அதில் கிடந்த கட்டிலை இரண்டு ஆட்களை வைத்து இறக்கிவிட்டார்.

அவர் மனைவி இந்திராணி அந்த அறைக்குள் வருவதில்லை. அன்று வந்து வாசலில் நின்றாள்.

“அவன் கட்டிலை என்ன பண்ணுனீங்க?”

“கடையில போட்டிருக்கேன்.”

“வெயில்லயா கிடக்குது?”

“உள்ளதான் இருக்குது.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கட்டிலில் படுத்தவன் கவின். ஒரே மகன். விமானம் ஓட்டப் படிக்க வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனவன். படிப்பு முடியக் கொஞ்சம்தான் பாக்கி. தனியாகப் பறந்து வரச்சொல்லி அனுப்பிய ஒருநாள், மலைப்பக்கமாய் இருந்த மேகத்துக்குள் நுழைந்தான். வெளியே வரவில்லை.

மலையில் இடித்த பிறகும் அந்த மேகம் கலையவில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்கள். தேடிப் போனவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தார்களாம்.

விசாரணை நடந்தது. விமானத்தில் கோளாறு எதுவும் இல்லை, தவறு ஓட்டியவனுடையது என்று முடித்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரு கல்யாணப் பந்தியில், பின்வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் பங்காளி ஒருவன் பக்கத்து ஆளிடம் சொன்னான்: “பையனுக்கு அவ்வளவு சூட்டிகை பத்தலையாட்ட இருக்குது.”

சென்னியப்பன் இலையை மூடிவிட்டு எழுந்தார். அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போகவில்லை.

*

“அட்டையில சரியா வந்துடுச்சுங்க. கண்ணை மூடிட்டுத் தொட்டா எல்லாம் கைக்கு வருது. அடுத்தது என்ன?”

“பறங்க.”

“இன்னும் கட்டவே இல்லையே மேடம்?”

“முழுசாக் கட்டி முடிச்சுட்டுப் பறக்கலாம்னு இருந்தவங்க வீட்டுக்கெல்லாம் போயிருக்கேன். பாதி கட்டின காக்பிட்டுல துணி காயுது.”

ஒரு சாதாரணப் பிடி, பெடல், ஒரே ஒரு திரை. அட்டையோடு இவற்றையும் வைத்துப் பறக்கப் பழகினார். முதலில் மரம் ஏற்றிய லாரியைத் திருப்புவதுபோல் விமானத்தைத் திருப்பினார். அது குப்புற விழுந்தது. கொட்டகையில் இருந்த காக்பிட்டில் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

ஒருநாள் எஸ்தர் எல்லாக் கருவிகள் மேலும் காகிதம் ஒட்டி மறைத்தார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அதன் மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி மண்ணின் நிறம். நடுவில் ஒரு கோடு.

“இதுக்குப் பேரு செயற்கை அடிவானம். மேகத்துக்குள்ள போயிட்டா வெளியே ஒண்ணும் தெரியாது. அப்போ இந்த நீலம்தான் வானம். இந்த மண்ணுதான் பூமி. இந்தக் கோடு சாஞ்சா நீங்க சாயறீங்க.”

சென்னியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கெட்டுப்போகுமுங்களா?”

“போகும். எப்பவாச்சும்.”

“அன்னிக்குக் கெட்டுப்போகலைன்னுதான் சொன்னாங்க,” என்றார் அவர், தனக்குள்.

“யார் சொன்னாங்க?”

“சும்மா. யாரோ.”

எஸ்தர் அடுத்த கருவியின் மேலிருந்த காகிதத்தை உரித்தார்.

*

மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்து நின்றார்.

“மேகம் வேணுமுங்க.”

கம்ப்யூட்டரில் எந்த ஊரையும் எந்த வானத்தையும் வரவழைக்கலாம் என்பதை அதற்குள் அவர் தெரிந்துகொண்டிருந்தார். வரவழைக்கத்தான் தெரியவில்லை.

“எவ்வளவு மேகம்?” என்றார் எஸ்தர்.

“மலை தெரியவே கூடாது. அடிவாரம் வரைக்கும் மூடியிருக்கோணும்.”

“எந்த மலை?”

சொன்னார். எங்கோ வடக்கில் இருக்கிற, கோயம்புத்தூர்க்காரர் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லாத ஒரு மலையின் பெயரை, பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எஸ்தர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

“பையனா, பொண்ணா?”

ஒரு சரக்கு ரயில் வந்தது. அது முழுதாகப் போனபிறகுதான் அவர் சொன்னார்.

“பையன். கவின்னு பேரு.”

“ம்.”

“அவன் கடைசியாப் பறந்த வழியில நான் ஒருக்காப் பறந்து பாக்கோணும் அம்மணி. அதுக்குத்தான் கட்டறேன். பொழுது போறதுக்கில்லை.”

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மணி என்று வந்ததை அவரே கவனிக்கவில்லை.

“பறந்து பாத்து?”

“தெரிஞ்சுக்கோணும்.”

“எதை?”

சென்னியப்பன் ரயில் போன பக்கம் பார்த்தார்.

“நான் மேகத்தைக் கொடுத்துடுவேன் அய்யா. அப்புறம் வேண்டாம்னு உங்களால திருப்பிக் கொடுக்க முடியாது.”

“கொடுங்க.”

*

எஸ்தரே வீட்டுக்கு வந்தார். அட்டையை எடுத்துவிட்டு, சரியான அளவில் இப்போது மரத்தில் கட்டியிருந்தார் சென்னியப்பன். நிஜ விமானத்தில் இருப்பதுபோலவே இரண்டு இருக்கைகள். எஸ்தர் சுற்றி வந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அந்த மலையையும் அன்றைய மேகத்தையும் திரையில் கொண்டுவந்தார்.

இந்திராணி காபி கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டும் போகவில்லை.

“நீங்க மேகத்துக்குள்ள போயிருக்கீங்களா?”

“போயிருக்கேங்க அம்மா.”

“உள்ள எப்படி இருக்கும்?”

எஸ்தர் யோசித்தார்.

“வெள்ளையா இருக்கும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

*

அன்று சாயங்காலம் சென்னியப்பன் மேகத்துக்குள் போனார்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. கை ஒரு பக்கமாகக் கனத்தது. கோடு சாய்ந்திருப்பதைப் பார்ப்பதற்குள் வேகத்தின் முள் ஏறியது, உயரத்தின் முள் கிறுகிறுவென்று இறங்கியது. திரையில் ஒரு மரம் தெரிந்தது. பச்சை. அதோடு எல்லாம் நின்றுவிட்டது.

அவருக்கு மேலெல்லாம் வேர்த்திருந்தது. பக்கத்து இருக்கையில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். அடுப்பில் வேலை இருக்கும் நாளில் மட்டும் கீழேயே இருப்பாள். அவர் படியிறங்கி வரும்போது கேட்பாள்:

“இன்னைக்கும் விழுந்துட்டானா?”

“விழுந்துட்டான்.”

சட்டியைக் கிளறிக்கொண்டே இருப்பாள்.

இப்படியே நாட்கள் போயின. வீட்டுக்குள் வேறு பேச்சில்லை. உறவுக்காரர்கள் ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. தினம் ஒருமுறை அந்தப் பிள்ளையை மலையில் கொண்டுபோய் இடித்துவிட்டு, இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பிறகு ஒருநாள் அவர் விழவில்லை.

வெள்ளைக்குள் போனதும் வெளியே பார்ப்பதையே விட்டுவிட்டார். அந்த நீலத்தையும் மண்ணையும் மட்டும் பார்த்தார். கோடு அசைந்தால் கையை அசைத்தார். கோடு நேரானால் கையை நிறுத்தினார். மெல்ல மெல்ல மேலே ஏறினார். வெள்ளை வெளுத்தது. சட்டென்று கிழிந்தது. மேலே ஒரே வெயில். கீழே பஞ்சுமூட்டையாய் மேகம். மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஓடுதளத்தில் குலுங்கலோடு இறக்கினார்.

இறக்கிவிட்டுப் பக்கத்தில் பார்த்தார்.

இந்திராணியின் முகத்தில் சந்தோஷம் இல்லை. எழுந்து நின்றாள்.

“அப்போ வந்திருக்கலாம்,” என்றாள். “வந்திருக்கலாம்ல?”

கீழே போய் அவள் கதவைச் சாத்திக்கொண்டது அவருக்குக் கேட்டது. அன்று அவள் உலை வைக்கவில்லை.

*

“என்ற பையன் முட்டாளா அம்மணி?”

காலையில் கொட்டகையைத் திறக்கும்போதே அவர் வந்து நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. சட்டையில் பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

“உள்ள வாங்க.”

“வரமாட்டேன். சொல்லுங்க. நான் மரம் அறுக்கறவன். கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க முடியாதவன். நானே வெளிய வந்துட்டேன். அவன் படிச்சவன். இருபத்திரெண்டு வயசுப் பையன். அதே மலை, அதே மேகம், அதே கருவி. எதிர்ல இருக்கற கோட்டைப் பாத்துப் பிடியை ஆட்டறதுக்கு அவனால முடியலையா? அவ்வளவு கூடத் தெரியாமயா போயிட்டான்?”

எஸ்தர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவ நேத்துல இருந்து பேசலை. நான் விழுந்துட்டே இருந்திருக்கோணும் அம்மணி. விழுந்துட்டே இருந்திருந்தா, யாராலயும் முடியாதுன்னு இருந்திருப்போம்.”

“உங்க காக்பிட்டுல விமானம் சாயறப்போ, நீங்க சாஞ்சீங்களா?”

“திரைதான் சாயும். நான் எப்படிச் சாய்வேன்? தரையில திருகாணி போட்டு முடுக்கியிருக்கேன்.”

“உள்ள வாங்க அய்யா.”

பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த ஒன்றை எஸ்தர் இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு சுழல் நாற்காலி. சலூனில் இருப்பதுபோல் கனமானது. அடியில் பெரிய பேரிங். கையால் தொட்டதும் சத்தமில்லாமல் திரும்பியது.

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து எஸ்தர் அவர் கண்ணைக் கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார்.

“எந்தப் பக்கம் சுத்துதுன்னு சொல்லிட்டே இருங்க.”

நாற்காலி சுழலத் தொடங்கியது.

“வலது பக்கம்.”

“ம்.”

“வலதுதான். வலது… இப்போ மெதுவாகுது. நிக்கப்போகுது.”

“இப்போ?”

“நின்னுடுச்சு.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“நின்னுடுச்சு அம்மணி. துளி கூட அசையலை.”

சென்னியப்பன் காத்திருந்தார். எஸ்தர் அடுத்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். கொட்டகை அமைதியாக இருந்தது. எங்கோ ஒரு காகம் கத்தியது. கொஞ்சம் நேரம் போயிற்று. காலையிலிருந்து இறுகிக் கிடந்த தோள்கள் அவரை அறியாமல் தளர்ந்தன.

துண்டு உருவப்பட்டது.

கதவு ஓடியது. மேஜை ஓடியது. ஜன்னல் ஓடியது, எஸ்தர் ஓடினார், மறுபடி கதவு ஓடியது. சென்னியப்பன் “ஐயோ” என்று அலறி நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எஸ்தர் நாற்காலியைப் பிடித்து நிறுத்தினார். நாற்காலி நின்றது. கொட்டகை நிற்கவில்லை. எதிர்ப்பக்கமாக ஓடியது.

அது அடங்கும்வரை எஸ்தர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நின்னுடுச்சுன்னு சொன்னேனே,” என்றார் அவர்.

“சொன்னீங்க.”

“எப்போ மறுபடியும் சுத்துனீங்க?”

“நிக்கவே இல்லை அய்யா. ஒரே வேகத்துல சுத்துனா உடம்புக்கு நின்ன மாதிரிதான் இருக்கும்; எதிர்ல கோடு சாஞ்சிருந்தாலும் நம்பத் தோணாது.”

சென்னியப்பன் தன் கைகளைப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்த பிடியை அவை இன்னும் விடவில்லை.

“மேகம் அடிவாரம் வரைக்கும் இருந்துது,” என்றார். “அவன் வெளிய வரவே இல்லை. கடைசி வரைக்கும் உள்ளதான் இருந்தான்.”

“ஆமா.”

“அப்போ அவன்…” அவர் நிமிர்ந்து எஸ்தரைப் பார்த்தார். “அந்த நேரத்துல அவன் மனசுல என்ன ஓடியிருக்கும் அம்மணி?”

எஸ்தர் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“துண்டை எடுக்கறதுக்கு முன்னாடி, உங்க மனசுல என்ன ஓடிட்டிருந்துது?”

அவர் யோசித்தார். ஞாபகம் வந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த பிடியைக் கைகள் விட்டன.

“வீட்டுக்குப் போறப்போ கொத்தமல்லித்தழை வாங்கிட்டுப் போகோணும்னு,” என்றார் சென்னியப்பன்.